கையடக்கக் கன்சோலில் இண்டி கேம்: எங்கே நிறுத்தலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள்

புதிதாகக் கையடக்கக் கன்சோல் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘எது நல்லது?’ என்பதுதான். ‘யாரும் கூப்பிடாமல் தொடர்ந்து எத்தனை நிமிடம் உட்கார முடியும் உங்களால்?’ என்று நான் திருப்பிக் கேட்பேன். கேள்வி கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். ஆனால் அதற்கு விடை தெரியாமல் கருவி வாங்கியவர்களில் பலர், இரண்டு மாதத்தில் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படிப் போட்டவன்தான்.

வழக்கமாக நாம் கருவியை வாங்குகிறோம், பிறகு கேம் தேடுகிறோம், கடைசியில் விளையாட நேரம் தேடுகிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணமும் மிஞ்சும், ஏமாற்றமும் குறையும். கீழே உள்ள படிகள் அந்தத் தலைகீழ் வரிசையில்தான் போகின்றன.

முன்னதாக ஒரு சொல் விளக்கம். இண்டி கேம் என்றால் பெரிய வெளியீட்டு நிறுவனத்தின் பிடியில் இல்லாமல், தனி ஆளோ சிறு குழுவோ உருவாக்கும் கேம். எல்லைக்கோடு துல்லியமானதல்ல, அதைப் பற்றிச் சண்டை போடுபவர்கள் போடட்டும். ஸ்டார்டியூ வேலி என்ற விவசாயக் கேமை எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கரை ஆண்டுகள் உழைத்து 2016-இல் வெளியிட்டார். படம், இசை, நிரல், கதை எல்லாம் அவரே. ஹாலோ நைட் (2017) ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்தது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

படி 1: ஒரு வாரம் உங்கள் இடைவெளிகளைக் கவனியுங்கள்

காகிதமும் பேனாவும் போதும். வேலைக்கு நடுவே கிடைக்கும் ஐந்து நிமிடம், பயணத்தில் கிடைக்கும் அரை மணி நேரம், எல்லோரும் தூங்கியபின் கிடைக்கும் ஒரு மணி நேரம் என்று ஒரு வாரத்துக்குக் குறித்து வையுங்கள். மொத்தம் எவ்வளவு என்பது இங்கே பெரிதில்லை. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளம், அது எப்படி முடிகிறது என்பதுதான் தேவை. நீங்களாக முடிக்கும் இடைவெளி வேறு. குழந்தை அழுதோ, இறங்கும் நிறுத்தம் வந்தோ, தொலைபேசி அடித்தோ முடியும் இடைவெளி வேறு. இரண்டாவது வகைதான் பெரும்பாலோருக்கு அதிகம். கையடக்கக் கருவி அருமையாகப் பொருந்துவதும் அந்த வகைக்குத்தான்.

படி 2: கேமின் நிறுத்துமிடத்தைப் பாருங்கள்

கேமைப் பற்றிப் படிக்கும்போது எல்லோரும் கதை எப்படி, படம் எப்படி என்று பார்க்கிறார்கள். கையில் வைத்து விளையாடப்போகிறவர் அதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: நடுவில் எழுந்து போக நேர்ந்தால் இந்தக் கேம் என்ன செய்யும்?

இண்டி கேம்கள் சின்னத் திரையோடு இவ்வளவு ஒட்டிப்போனதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. கருவிக்கு வலு குறைவு, இண்டி கேமுக்கு வலு தேவையில்லை, ஆகவே ஜோடிப் பொருத்தம் என்று சொல்வார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஆள்பலம் குறைந்த குழுவால் நாற்பது மணி நேரத் திரைக்கதையை எடுக்க முடியாது. அதனால் ஒரு சிறிய சுற்றைச் செதுக்கி, அதை நூறு முறை ஆடினாலும் சலிக்காதபடி ஆக்குகிறார்கள். அந்தச் சிறிய சுற்றுதான் நம் இடைவெளிக்குள் வந்து உட்காருகிறது.

ஐந்து நிமிடக்காரர்களுக்குச் செலெஸ்ட் (2018) ஒரு நல்ல எடுத்துக்காட்டு. மலையேறும் பெண்ணின் கதை. ஏறக்குறைய ஒவ்வொரு திரையும் ஒரு தனிப் புதிர். விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்பீர்கள். இரண்டு நிமிடத்தில் பதினைந்து முறை செத்து, பதினாறாவது முறை தாண்டி, கருவியை மூடிவிட்டுப் போகலாம். இன்டு தி பிரீச் (2018) எட்டுக்கு எட்டுக் கட்டங்களில் நடக்கும் சதுரங்கம் போன்ற போர். எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். உங்கள் முறை வரும்போது யாரும் அவசரப்படுத்துவதில்லை. நடுவில் எழுந்து போய், அரை மணி கழித்து வந்தாலும் காய்கள் அப்படியே காத்திருக்கும்.

அரை மணி நேரம் உள்ளவர்களுக்கு ஒரு தனி உலகமே இருக்கிறது. ஹேடீஸில் (2020) பாதாள லோகத்திலிருந்து தப்பிக்கும் ஒரு முழு முயற்சி ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் வெளியேறினால், நின்ற அறையின் தொடக்கத்திலிருந்து தொடரலாம். சீட்டுக்கட்டு அடிப்படையிலான ஸ்லே தி ஸ்பையரும் (2019) அப்படியே. வாம்பயர் சர்வைவர்ஸில் (2022) வழக்கமான ஒரு களம் முப்பது நிமிடத்தில் முடியும். ஒரே ஒரு ஸ்டிக்கை (கட்டைவிரலால் தள்ளும் சிறு குச்சி) அசைத்தால் போதும், ஆயுதங்கள் தாமாகவே சுடும். பலாட்ரோவை (2024) இந்தப் பட்டியலில் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது உண்மை. நிறுத்தத்தான் மனம் வராது. போக்கர் சீட்டு விதிகளை வளைத்து விளையாடும் இந்தக் கேமால் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவன் நான்.

இனி, நிறுத்துமிடம் சற்று இடக்கானவை. ஹாலோ நைட்டில் வெளியேறிவிட்டுத் திரும்பினால், கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்துதான் தொடங்குவீர்கள். சேகரித்தது போகாது, ஆனால் நடந்த தூரத்தை மறுபடி நடக்க வேண்டும். ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். நாள் முடிந்து படுக்கையில் படுத்தால்தான் அது பதிவாகும். பதினான்கு நிமிடம் என்பது அழகான அளவு. அதற்குள் எழ வேண்டி வந்தால் கருவியை உறக்க நிலையில் போட்டால் சரி. அதில் நான் பட்ட அடியைப் படி 5-இல் சொல்கிறேன்.

கையடக்கக் கருவிக்கு அவ்வளவாக ஒத்துவராத நல்ல கேம்களும் உண்டு. லூகாஸ் போப்பின் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் கேம். கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று நாள் இடைவெளி விட்டுத் திரும்பினால், யார் யாரைக் கொன்றார்கள் என்பதே மறந்துவிடும். அதற்கு ஒரு வார இறுதியை முழுதாக ஒதுக்குங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு என் பரிந்துரை, ஒரே மாலையில் முடிந்துவிடும் கேம். மலையுச்சியில் தொலைபேசிச் சிக்னல் தேடிப் போகும் பறவையின் கதையான எ ஷார்ட் ஹைக் (2019), வீடு மாறி மாறிப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதன் வழியே ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் அன்பேக்கிங் (2021), கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெண்பா (2023). ஒன்றை முழுதாக முடித்த திருப்தி, அடுத்ததை எடுக்கத் தூண்டும். அறுபது மணி நேரக் கேமில் தொடங்கியவர்களுக்கு அந்தத் திருப்தி வர ஆறு மாதம் ஆகும்.

படி 3: இப்போது கருவி

உங்கள் பட்டியலில் நான்கைந்து கேம்கள் சேர்ந்திருக்கும். அவை எங்கெங்கே கிடைக்கின்றன என்று பாருங்கள். பாதிக்கு மேல் உங்கள் தொலைபேசியிலேயே கிடைக்கலாம். பலாட்ரோ, ஸ்டார்டியூ வேலி, ஸ்லே தி ஸ்பையர், வாம்பயர் சர்வைவர்ஸ் நான்கும் தொலைபேசிக்கு வந்துவிட்டன. சீட்டு, கட்டம் வகைக் கேம்களுக்குத் தொடுதிரை தாராளமாகப் போதும். கருவிக்குச் செலவிடும் முன் ஒரு மாதம் இப்படி விளையாடிப் பாருங்கள். குதிக்கும், சண்டைபோடும் கேம்களுக்குத்தான் உண்மையான பட்டன் வேண்டும். கண்ணாடியைத் தடவிச் செலெஸ்ட் மாதிரியான ஒன்றை விளையாட முயல்வது தண்டனை.

கருவி வேண்டும் என்று முடிவானால், முதன்மையாக இரண்டு பாதைகள்.

நின்டெண்டோ ஸ்விட்ச் 2017-இல் வந்தது. அதன் லைட் வகை (2019) 5.5 அங்குலத் திரையும் ஏறத்தாழ 275 கிராம் எடையும் கொண்டது. தொலைக்காட்சியில் இணைக்க முடியாது, ஆனால் படுத்துக்கொண்டே விளையாட அதைவிடச் சுகமானதை நான் பார்த்ததில்லை. 2021-இல் வந்த ஓஎல்இடி (பிக்சல்கள் தாமே ஒளிரும் திரை) வகையில் 7 அங்குலத் திரை. 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இன் திரை 7.9 அங்குலம், பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். எடுத்தால் உடனே விழிக்கும், மூடினால் உடனே தூங்கும். எதையும் நோண்ட வேண்டியதில்லை. நோண்ட விரும்புகிறவர்களுக்கு அதுவே குறையாகவும் தெரியலாம்.

ஸ்டீம் டெக் 2022-இல் வந்தது. ஓஎல்இடி வகை அடுத்த ஆண்டு வந்தது. இது உண்மையில் கைக்குள் அடங்கிய கணினி. ஏற்கெனவே கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் கணக்கு வைத்து கேம்கள் வாங்கியிருந்தால், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அதே கேம்களை இதற்காக மறுபடி வாங்கத் தேவையில்லை. ஸ்டீம் கடை பல கேம்களைச் சோதித்து, இந்தக் கருவியில் சிக்கலின்றி ஓடுமா, சிறு இடைஞ்சலோடு ஓடுமா, ஓடவே ஓடாதா என்று குறி போட்டுக் காட்டும். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். புதியவர்களுக்கு இது பெரிய தைரியம். நின்டெண்டோவின் இணையக் கடையில் இப்படி எதிர்பார்க்காதீர்கள். அங்கே டெமோ இருந்தால் அதை முதலில் இறக்கிப் பாருங்கள். டெக்கின் குறை எடை: 640 கிராமுக்குக் குறையாது. கடையில் ஒரு நிமிடம் தூக்கிப் பார்க்கும்போது தெரியாது. நாற்பதாவது நிமிடத்தில் மணிக்கட்டு சொல்லும்.

விண்டோஸில் இயங்கும் கருவிகளும் இருக்கின்றன. இண்டி கேமுக்காக மட்டும் அவற்றை வாங்குவது கொசு அடிக்கச் சுத்தியல் எடுப்பது. மறுகோடியில் பிளேடேட் (2022) என்ற சட்டைப்பை அளவுக் கருவி இருக்கிறது. கறுப்பு வெள்ளைத் திரை, பின்னொளி கிடையாது, பக்கவாட்டில் சுழற்றுவதற்கு ஒரு கைப்பிடி. இரண்டாவது கருவியாக வாங்கினால் மகிழ்ச்சி தரும். முதல் கருவியாக வேண்டாம்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் அமைப்புப் பகுதிக்குப் போய் ஸ்டிக்கைச் சோதிக்கும் திரையைத் திறந்து, விரலை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். தொடாமலேயே புள்ளி நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது என்று பொருள். லைட் வகையில் ஸ்டிக் கருவியோடு ஒட்டியது. கழற்றி வேறு மாட்ட முடியாது என்பதால் அங்கே இரட்டைக் கவனம் தேவை.

இடையில் ஒரு பழைய கதை. இந்த ஜோடிப் பொருத்தம் ஸ்விட்ச் கண்டுபிடித்ததல்ல. 2011-இல் ஜப்பானில் வெளியான சோனியின் வீட்டா என்ற கையடக்கக் கன்சோல், பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகும் சில ஆண்டுகள் மூச்சு விட்டதற்குச் சிறு குழுக்களின் கேம்கள் முக்கியக் காரணம். அப்போதே அதை வைத்திருந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. அவர்களிடம் கவனமாக இருங்கள்.

படி 4: எழுத்தின் அளவைச் சோதியுங்கள்

கணினித் திரையை மனத்தில் வைத்துச் செய்த கேமை ஏழு அங்குலத்தில் திறந்தால், எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கும். டிஸ்கோ எலிசியம் போல வாசிப்பதே விளையாட்டாக உள்ளவற்றில் இது உயிர்நாடிப் பிரச்சினை. வாங்கும் முன், அந்தக் கேமைக் கையடக்கக் கருவியில் ஒருவர் விளையாடும் காணொளியைத் தேடி, தொலைபேசியில் கிடைமட்டமாக வைத்துப் பாருங்கள். சிரமப்படாமல் வாசிக்க முடிந்தால் கருவியிலும் முடியும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: முதலில் கேமின் அமைப்புகளில் எழுத்தளவு மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்விட்சின் அமைப்புகளில் பெரிதாக்கும் வசதியை இயக்கிவிட்டு, ஹோம் பட்டனை இருமுறை தட்டினால் திரை பெரிதாகும். டெக்கில் ஸ்டீம் பட்டனை அழுத்தியபடி மேல்விளிம்பில் இடப்பக்கம் உள்ள எல்1 பட்டனை அழுத்தினால் உருப்பெருக்கி வரும். இரண்டும் அவசரத்துக்கு உதவும். ஒரு முழுக் கதையை அப்படி வாசிக்க முடியாது.

படி 5: முதல் நாளே செய்ய வேண்டிய அமைப்புகள்

இங்கேதான் நான் சொல்வதாகச் சொன்ன கதை. ஸ்டார்டியூ வேலியில் திருவிழா நாள், மாலை ஆறு மணி. கை நிறையச் சேகரித்திருக்கிறேன். யாரோ கூப்பிட, கருவியை உறக்க நிலையில் போட்டுவிட்டுப் பைக்குள் வைத்தேன். பேட்டரி பத்து விழுக்காட்டில் இருந்ததைப் பார்த்தும் பார்க்காதவன் போல இருந்தேன். மூன்று நாள் கழித்து எடுத்தபோது கருவி செத்துக் கிடந்தது. சார்ஜ் ஏற்றித் திறந்தால் அந்த நாளே நடக்கவில்லை. உறக்க நிலை என்பது பதிவு செய்வதல்ல. பேட்டரி இருக்கும்வரைதான் அது உங்கள் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். சில மணி நேரத்துக்கு மேல் பிரிவதானால் கேமுக்குள் முறைப்படி பதிவு செய்து வெளியேறுங்கள்.

பதிவுகளுக்கு இணையத்தில் ஒரு பிரதி இருப்பதும் நல்லது. ஸ்டீமில் இது இலவசம், பெரும்பாலான கேம்களுக்கு உண்டு. ஆனால் கேமை மூடிய பின், இணைப்பு இருக்கும்போதே பிரதி ஏறி முடிந்ததா என்று பார்த்துவிட்டுக் கருவியை வையுங்கள். நின்டெண்டோவில் இதற்குச் சந்தா தேவை.

பேட்டரி விஷயத்தில் இண்டி கேம்கள் தரும் வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. டெக்கில் மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தி, செயல்திறன் பகுதிக்குப் போனால் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (திரையில் மாறும் படங்கள்) என்பதைக் கட்டுப்படுத்தலாம். சீட்டுக் கேமுக்கு நொடிக்கு 90 ஃப்ரேம் எதற்கு? 40 போதும், சண்டைக் கேம்களுக்கு 60 வையுங்கள். அடுத்து திரையின் ஒளியைக் குறையுங்கள். எடை குறைந்த இரு பரிமாணக் கேம்களில் இந்த இரண்டு மாற்றங்களே பல மணி நேரத்தைக் கூட்டித் தரும். ஓஎல்இடி திரையில் கறுப்பு நிறப் பிக்சல்கள் அணைந்தே இருக்கும் என்பதால், ஹாலோ நைட் போன்ற இருண்ட கேம்கள் அதில் கண்ணுக்கும் அழகு, பேட்டரிக்கும் சிக்கனம்.

ஒலிக்குக் கம்பி வைத்த இயர்போன் நல்லது. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். மற்றக் கேம்களில் பொறுத்துக்கொள்ளலாம். தாளத்துக்கு ஏற்பப் பட்டன் அழுத்தும் கேம்களில் அது ஆட்டத்தையே கெடுக்கும்.

படி 6: மெமரி கார்டு

அவசரப்பட்டுப் பெரியது வாங்காதீர்கள். பெரிய நிறுவனத்தின் ஒரு கேம் 100 ஜிபியைத் தாண்டும். ஸ்டார்டியூ வேலி ஒரு ஜிபிக்கும் குறைவு. கருவியிலுள்ள இடமே பல மாதங்களுக்குப் போதும். வாங்குவதானால் நம்பகமான இடத்தில் வாங்குங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகள் ஏராளம். ஸ்விட்ச் 2-க்குக் கேம்களைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும், பழைய கார்டு உதவாது.

படி 7: கையையும் கழுத்தையும் பாருங்கள்

கருவியைக் கண்ணுக்கு உயர்த்திப் பிடித்தால் கை வலிக்கும், மடியில் வைத்துக் குனிந்தால் கழுத்து வலிக்கும். மடியில் ஒரு தலையணை வைத்து, முழங்கைகளை அதன்மேல் ஊன்றிக்கொண்டால் இரண்டும் தீரும். செலவில்லாத இந்த ஏற்பாட்டுக்கு ஈடாக எந்தத் துணைக்கருவியையும் நான் கண்டதில்லை. கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அடுத்த நாள் சீட்டுக் கேமுக்கு மாறுங்கள்.

படி 8: முட்டிக்கொண்டு நின்றால்

இண்டி கேம்களில் பல கடினமானவை. அது பலரை விரட்டிவிடுகிறது. வெட்கப்படாமல் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். செலெஸ்டில் உதவி நிலை இருக்கிறது: வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாகாமலும் இருக்கலாம். ஹேடீஸின் கடவுள் நிலை, உங்கள்மீது விழும் அடியை 20 விழுக்காடு குறைத்துத் தொடங்கும். ஒவ்வொரு முறை சாகும்போதும் மேலும் 2 விழுக்காடு குறைத்துக்கொண்டே போகும், 80 வரை. தோற்கத் தோற்கத் தோள் கொடுக்கும் அந்த ஏற்பாட்டை யோசித்தவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. இவற்றைப் பயன்படுத்தினால் விளையாடியதாகக் கணக்கில்லை என்று யாராவது சொன்னால், அவர் கையில் நிறைய நேரம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்படியும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கேம்களுக்கு மேல் திறந்து வைக்காமல் இருப்பது என் வழக்கம்: ஐந்து நிமிடத் துண்டுகளுக்கு ஒன்று, இரவு நேரத்துக்கு ஒன்று. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வாங்கிக் குவிப்பதற்குப் பதிலாக விருப்பப்பட்டியலில் போட்டு வையுங்கள், விலை குறைந்தால் கடையே தகவல் அனுப்பும். இரண்டில் ஒன்று முடிந்த பிறகு பட்டியலைத் திறந்து, அப்போதும் ஆசை இருப்பதை மட்டும் வாங்குங்கள். என் பட்டியலில் இப்போது முப்பத்தொன்று இருக்கின்றன. அதில் பதினெட்டை ஏன் சேர்த்தேன் என்பதே நினைவில் இல்லை.